மிதவெப்ப மழைக்காடுகளில் மர விதைகள் எப்படிப் பரவுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் 'விதை பரவும் முறைகள்' என்று ஒரு பாடம் படித்திருப்போம். எருக்கு காற்றில் பறக்கும், தேங்காய் தண்ணீரில் மிதக்கும், நாயுருவி ஆட்டு ரோமத்தில் ஒட்டும், காசித்தும்பை வெடிக்கும். ஆளுக்கொரு கட்டம், ஐந்து மதிப்பெண். பரீட்சைக்கு அது போதும், காட்டுக்குப் போதாது. குளிர்ந்த, மழை ஓயாத காடுகளில் ஒரே விதை வழியில் இரண்டு மூன்று வண்டி மாறுகிறது. எவ்வளவு தூரம் போனது என்பதைவிட எங்கே இறங்கியது என்பதில்தான் அதன் பிழைப்பு இருக்கிறது. இந்தக் காடுகளைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காடு என்றாலே அமேசான் மாதிரி வெப்பமண்டலம்தானே? மிதவெப்ப மழைக்காடு என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கலிஃபோர்னியாவின் வடபகுதி தொடங்கி அலாஸ்கா வரை, சிலியின் தெற்கே, நியூசிலாந்துத் தென்தீவின் மேற்குக் கரையில், டாஸ்மேனியாவில், ஜப்பானின் சில பகுதிகளில், ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, நார்வே ஆகியவற்றின் மேற்கு ஓரங்களில். பெரும்பாலும் கடல் காற்று மலையில் மோதி மழையாகக் கொட்டும் இடங்கள்.

பால் அலபாக் என்ற சூழலியலாளர் 1990-களில் கொடுத்த வரையறை இன்றும் பயன்படுகிறது: ஆண்டுக்கு 1,400 மி.மீ.க்கு மேல் மழை, அதில் பத்தில் ஒரு பங்காவது கோடையில் பெய்ய வேண்டும், கோடை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், காட்டுத்தீ அரிதாக இருக்க வேண்டும். 1,400 மி.மீ. என்றால் சென்னைக்கும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கிறதே என்று தோன்றலாம். சென்னையில் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே வருஷம் முழுக்க நசநசவென்று பரவிக் கிடக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கும் 'ஹோ' மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. பெய்கிறது. மரம், கல், விழுந்த கட்டை என எல்லாவற்றின் மேலும் பாசி போர்த்தியிருக்கும்.

அப்படியானால் நம் நீலகிரிச் சோலைக்காடுகளும் இதில் சேருமா?

புவியியல்படி சேராது, அவை வெப்பமண்டலத்துக்குள் இருக்கின்றன. ஆனால் சாம்பியனும் சேத்தும் 1968-ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, சோலைகளைத் 'தென்னக மலை ஈர மிதவெப்பக் காடு' என்ற தலைப்பில்தான் வைத்தார்கள். வனத்துறை ஆவணங்களில் அந்தப் பெயர் இன்னும் ஓடுகிறது. எனவே கேள்வி தவறானதல்ல. இந்தப் பக்கம் மட்டும் அசல் மிதவெப்ப மண்டலத்தைப் பற்றியது. நம் ஊர் சம்பந்தம் உண்மையிலேயே வரும் இடத்தில் சொல்கிறேன்.

அந்தக் காடுகளில் மரங்கள் முக்கியமாக எதை நம்பி விதை பரப்புகின்றன?

இடத்தைப் பொறுத்தது. வட அமெரிக்கக் கரையில் பெரிய மரங்கள் அநேகமாக எல்லாமே காற்றை நம்பியவை. வெஸ்டர்ன் ஹெம்லாக், சிட்கா ஸ்புரூஸ், வெஸ்டர்ன் ரெட் சீடார், டக்ளஸ் ஃபர் ஆகிய நான்கும் ஊசியிலை மரங்களின் உறவு. பூ இல்லை, பழம் இல்லை, கூம்புதான். கூம்பின் செதில்களுக்கு நடுவே இறக்கை வைத்த விதைகள் அடுக்கியிருக்கும். (சாக்ரட்டீஸ் குடித்த ஹெம்லாக் விஷம் வேறு ஒரு செடியிலிருந்து வந்தது. இந்த மரத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.)

நியூசிலாந்து நேர் எதிர். அங்கே காட்டு மரங்களில் பெரும்பகுதி சதைப்பற்றுள்ள பழம் காய்த்துப் பறவைக்காகக் காத்திருப்பவை. தென் சிலியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

ஹெம்லாக் விதை எவ்வளவு சின்னது என்பதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் நம்ப முடியும். 50, 60 மீட்டர் உயர மரம், ஆனால் கூம்பு 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். அதற்குள் 30, 40 விதைகள். ஒரு கிலோவுக்குச் சராசரியாக 5,70,000 விதைகள் நிற்கும். அஞ்சறைப் பெட்டிக் கணக்கில் சொன்னால் கடுகுக்கும் கசகசாவுக்கும் நடுவே. ரெட் சீடார் இன்னும் மோசம், கிலோவுக்கு 9 லட்சத்தைத் தாண்டும்.

எப்போதும் மழை பெய்யும் காட்டில் விதை எப்படிக் காற்றில் பறக்கும்? நனைந்து மரத்தடியிலேயே விழுந்துவிடாதா?

விழும், கூம்பு எப்போதும் திறந்தே இருந்தால். ஆனால் கூம்புக்கு மழை தெரியும்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் வீட்டில் ஒரு பைன் காய் இருக்கும், அலமாரியில் தூசி படிந்து. செதில் விரிந்த அந்தக் காயை வெதுவெதுப்பான நீரில் ஒரு கிண்ணத்தில் அமுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அடிச்செதில்கள் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் காய் மூடிய மொட்டு மாதிரி இறுகிவிடும். எடுத்து வெயிலில் வைத்தால் மறுபடியும் விரியும். இத்தனைக்கும் அந்தக் காய் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். உயிர் தேவையில்லை. செதிலின் வெளிப்புற அடுக்கு நீரை உறிஞ்சி நீளும், உட்புற அடுக்கு அவ்வளவாக நீளாது. அதனால் செதில் உள்பக்கமாக வளைகிறது. ஈரத்தில் கதவு பிதுங்கி மாட்டிக்கொள்வது மாதிரியான சமாச்சாரம்தான், ஆனால் இங்கே அது மரத்துக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக் இரண்டிலும் நடப்பது இதுவே. இலையுதிர் காலத்தில் காய்ந்த காற்று வீசும் நாட்களில் கூம்பு திறக்கும், விதை உதிரும். மழை பிடித்ததும் மூடிக்கொள்ளும், மிச்ச விதைகள் உள்ளேயே பத்திரமாக இருக்கும். ஸ்புரூஸ் தன் விதையில் முக்கால் பங்கை முதல் ஆறு வாரத்துக்குள் விட்டுவிடுகிறது. மீதி அடுத்த பல மாதங்களுக்குச் சிறுகச் சிறுக வெளியேறுகிறது. மழைக்காட்டில் காற்றை நம்பும் மரம், காயும் நாளுக்காகக் காத்திருக்கிற மரம்.

காற்றில் எவ்வளவு தூரம் போகும்?

ஹெம்லாக் விதை அசையாத காற்றில் நொடிக்கு 80 செ.மீ. வேகத்தில் சுழன்று இறங்கும். 61 மீட்டர் உயரத்திலிருந்து, மணிக்கு 20 கி.மீ. காற்றில் விட்டுப் பார்த்தபோது அதிகபட்சம் 1,160 மீட்டர் போனது. பெரும்பாலானவை 600 மீட்டருக்குள் விழுந்தன. ரெட் சீடாரின் இறக்கை சின்னது, சீக்கிரம் கீழே இறங்கிவிடும். நூறு மீட்டரைத் தாண்டுவது குறைவு.

இவை திறந்தவெளிக் கணக்குகள். அடர்ந்த காட்டுக்குள் கிளையும் பாசியும் வழிமறிக்கும், காற்றும் மந்தம்.

ஒரு ஹெக்டேரில் கோடிக்கணக்கில் விதை விழுகிறது என்கிறார்கள். அப்படியானால் காடு நாற்றுகளால் நிரம்பி வழிய வேண்டாமா?

இந்தக் காடுகளின் முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஓரிகன் கரையோரத்தில் நூறு வயது ஹெம்லாக் தோப்புகளில் ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 2 கோடி விதைகள் விழுந்ததாகப் பதிவு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு 2,000. ஆனால் ஹோ காட்டில் நடந்தால் தரையில் கன்றுகளே தென்படுவது அபூர்வம். முழங்கால் உயரப் பெரணி, கணுக்கால் புதையும் பாசி, சோரல் என்ற மூவிலைச் செடி (நம் புளியாரையின் உறவு). இந்தக் கூட்டத்துக்குள் கசகசா அளவு விதை விழுந்தால் அதன் முளைவேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்தோ அழுகியோ போகும். தப்பித் தவறி முளைத்தாலும் வெளிச்சம் கிடைக்காது.

தரையை விட்டுக் கண்ணை ஓர் ஆள் உயரம் தூக்கினால் கதை மாறும். எப்போதோ விழுந்த பெரிய மரத்தின் தடி, படுத்த வாக்கில் மட்கிக்கொண்டிருக்கும். அதன் முதுகில் மெல்லிய பாசிப் படுகை. அந்தப் படுகையில் வரிசையாக, யாரோ நாற்றங்கால் போட்டதுபோல ஹெம்லாக் கன்றுகள். விரல் நீளத்தில் சில, இடுப்பு உயரத்தில் சில. ஓரிகன், வாஷிங்டன் கரையோர ஸ்புரூஸ்–ஹெம்லாக் காடுகளில் எண்ணிப் பார்த்து 1989-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது: மரக்கன்றுகளில் 94 முதல் 98 விழுக்காடு விழுந்த தடிகளின் மேல் நின்றன. அந்தத் தடிகள் மூடியிருந்த பரப்போ தரையில் 6 முதல் 11 விழுக்காடுதான்.

தடியில் உரம் அதிகம் என்பதல்ல காரணம். போட்டி குறைவு, அவ்வளவே. பெரணி எட்டாத மேடை, ஈரம் பிடித்து வைக்கும் பஞ்சுக்கட்டை, மேலே கொஞ்சம் வெளிச்சம். ஆங்கிலத்தில் இதை நர்ஸ் லாக் என்பார்கள். நமக்குச் சங்கப் பாடல்களில் பெற்ற தாய் ஒருத்தி, வளர்த்த செவிலித்தாய் ஒருத்தி என்று உண்டே. 'செவிலித் தடி' என்று நான் சொல்லிக்கொள்வேன்.

கன்று வளர வளர, வேர்கள் தடியின் இரு பக்கமும் வழிந்து மண்ணைத் தேடும். நூறாண்டு, அதற்கும் மேல் கழித்து அடியில் இருந்த தடி மட்கி இல்லாமல் போனதும், மரம் கால் அகட்டி நிற்பதுபோல வேர்களின் மேல் தூக்கி நிற்கும். கீழே ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. இப்படிப்பட்ட மரங்கள் நேர்கோட்டில் நான்கைந்து நின்றால், ஒரு காலத்தில் அங்கே ஒரு தடி கிடந்தது என்று அர்த்தம்.

சரி, இவ்வளவு வீணாகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். ஒரு மரம் தன் வாழ்நாளில் தனக்குப் பதில் ஒரே ஒரு மரத்தை நிறுத்திவிட்டால் கணக்கு நேர். சிலியில் அலெர்சே என்ற மரத்தின் வளையங்களை எண்ணி 3,622 வயது என்று 1993-ல் அறிவித்தார்கள். அதன் விதையும் இறக்கை வைத்த பொடிதான். அவ்வளவு வருஷத்தில் ஒரு விதை சரியான இடத்தில் இறங்கினால் போதும்.

விலங்குகளுக்கு வட அமெரிக்கக் காட்டில் வேலையே இல்லையா?

பெரிய மரங்களுக்குக் குறைவு. கீழ்த்தட்டுக்கு நிறைய. பசிபிக் யூ என்ற சின்ன மரம் ஊசியிலை வகைதான், ஆனாலும் கூம்புக்குப் பதில் விதையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு சதைக் கிண்ணம் வைக்கும். பறவை சதைக்காக விழுங்கி விதையை எச்சத்தில் போடும். விதைக்குள் விஷம், சதையில் இல்லை. வண்டிக்காரனுக்குச் சாப்பாடு உண்டு, சரக்கைத் தொடக்கூடாது என்ற ஏற்பாடு.

புதர்களில் பெரிய ஆச்சரியம் கரடி. அலாஸ்காவின் தென்கிழக்கில் டெவில்ஸ் கிளப் என்று ஒரு புதர் உண்டு. உடம்பெல்லாம் முள், உச்சியில் கொத்தாகச் சிவப்புப் பழம். பழத்தைப் பறவைகள்தான் பரப்புகின்றன என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தார்கள். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் தானியங்கிக் கேமரா வைத்தும், பழம் போன காம்பில் ஒட்டியிருந்த எச்சிலிலிருந்து டி.என்.ஏ. எடுத்தும் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். பெரும் பங்கு கரடிகளுடையது. முதலில் பழுப்புக் கரடிகள் வந்து கொத்துக் கொத்தாக உருவித் தின்கின்றன. ஆற்றில் சால்மன் ஏறியதும் அவை மீனுக்குப் போய்விட, காலியான இடத்துக்குக் கருங்கரடிகள் வந்து மிச்சத்தை முடிக்கின்றன. அவ்வளவு கரடிகள் அங்கே கூடுவதே சால்மனால்தான். ஆக, மீன் இல்லாவிட்டால் புதரின் விதைக்கும் வண்டி குறையும்.

கதை அங்கே முடியவில்லை. கரடியின் சாணத்தில் ஆயிரக்கணக்கில் விதை. அதைத் தேடி எலிகள் வருகின்றன. பாதியைத் தின்று, கொஞ்சத்தைத் தூக்கிப்போய் வேறு வேறு இடங்களில் புதைக்கின்றன. புதைத்ததில் மறந்தது முளைக்கும். இதைப் பாடப்புத்தகத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அணில் கூம்புகளைச் சேர்த்து வைக்கிறதே, அதுவும் உதவிதானே?

அநேகமாக இல்லை. டக்ளஸ் அணில் பச்சைக் கூம்புகளை உச்சியிலிருந்து வெட்டித் தள்ளி, ஈரமான ஒரே இடத்தில் குவியலாகப் பதுக்கும். ஈரத்தில் கூம்பு திறக்காது என்று மேலே பார்த்தோம் அல்லவா, அந்த விஷயம் அணிலுக்கும் தெரிந்திருக்கிறது! குளிர்காலம் முழுக்க விதை சிந்தாமல் சேமிப்பு இருக்கும். மரத்தின் பார்வையில் அது கொள்ளை.

ஒரே குவியலாக வைப்பவன் திருடன், ஊரெல்லாம் ஒன்றொன்றாகப் புதைப்பவன் விவசாயி. விலங்குகளை நான் இப்படித்தான் பிரித்துக்கொள்வேன்.

ஆனால் இதே காட்டில் பறக்கும் அணிலும் காட்டு எலிகளும் வேறொரு வழியில் மரத்துக்கு உதவுகின்றன. மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளான்களைத் தோண்டித் தின்று, அவற்றின் வித்துகளைப் புழுக்கையில் பரப்புகின்றன. ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் வேர்கள் இந்தப் பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்துதான் நீரும் சத்தும் எடுக்கின்றன. விதையைத் தொடாமலே விதைப்புக்கு உதவி.

ஐரோப்பாவின் மழைக்காடுகளில் ஓக் மரங்கள் உண்டாமே? அவ்வளவு கனமான கொட்டை எப்படிப் பரவும்?

இதை 1899-ல் கிளெமென்ட் ரீட் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பனியுகத்தில் ஓக் பிரிட்டனை விட்டுத் தெற்கே ஒதுங்கியது, பிறகு வடக்கே திரும்பியது. சுமார் 600 மைல். கொட்டை மரத்தடியில் விழுந்து உருண்டு முளைத்து, அது வளர்ந்து காய்த்து என்று போனால் அந்தத் தூரத்துக்கு பத்து லட்சம் ஆண்டு பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். பனி விலகியதோ பத்தாயிரம் ஆண்டு அளவில்தான். யாரோ தூக்கிப் போயிருக்க வேண்டும். பறவைகள் என்றார். இதை 'ரீடின் முரண்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

வேல்ஸ், டெவன், மேற்கு ஸ்காட்லாந்தின் பாசி படிந்த ஓக் காடுகளில் அந்த வேலையைச் செய்பவர்களில் முக்கியமானவர் ஜே என்ற பறவை. காக்கைக் குடும்பம், நம் வால்காக்கைக்குச் சொந்தம். இலையுதிர் காலத்தில் தொண்டைப் பையில் மூன்று நான்கு கொட்டையும் அலகில் ஒன்றும் வைத்துக்கொண்டு பறக்கும். ஓரிடத்தில் இறங்கி, ஒன்றை வெளியே கக்கி, அலகால் மண்ணில் குத்திச் செருகி, மேலே ஓர் இலையைத் தள்ளிவிட்டு நகரும். கொஞ்சம் தள்ளி அடுத்தது. ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் புதைக்கும் இடம் அடர்ந்த நிழலுக்கு வெளியே, காட்டோரத்திலும் புல்வெளியிலும். ஓக் கன்றுக்கும் நிழல் ஆகாது. தோட்டக்காரரிடம் சொல்லி வைத்தால்கூட இவ்வளவு சரியாக நடமாட்டார்.

தென் அமெரிக்காவில் விதை பரப்பும் ஒரு குட்டிப் பிராணி இருக்கிறதாமே?

மோனிட்டோ டெல் மொன்டே. ஸ்பானிய மொழியில் 'காட்டுக் குட்டிக் குரங்கு' என்று பொருள், ஆனால் குரங்கு அல்ல, எலியும் அல்ல. கங்காரு மாதிரி வயிற்றில் பை வைத்த இனம். 50 கிராமைத் தாண்டாது, கைக்குள் அடங்கிவிடும். அதன் நெருங்கிய சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப்புறம் ஆஸ்திரேலியாவில். கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்து மிச்சம்.

சிலி, அர்ஜென்டினாவின் தென்காடுகளில் சதைப் பழம் காய்க்கும் செடிகொடிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் விதையை இது விழுங்கிப் பரப்புகிறது. அதில் பிரபலமானது கின்ட்ரால் என்ற ஒட்டுண்ணி. மரமல்ல, மரத்தின் மேல் வளர்வது. நம் மாமரத்திலும் வேம்பிலும் புல்லுருவி பிடிக்குமே, அதே குடும்பம்.

புல்லுருவி விதை தரையில் விழுந்தால் செத்தது. கிளையில் ஒட்ட வேண்டும். அதனால் விதையைச் சுற்றிப் பசை. நம் ஊரில் கட்டைவிரலைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு குருவி அந்தப் பழத்தைத் தின்று, பின்புறம் ஒட்டிக்கொள்ளும் விதையைக் கிளையில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போகும். தென் சிலிக் காட்டில் அந்த வேலைக்குப் பறவை வருவதில்லை. இரவில் இந்தக் குட்டிப் பிராணி கிளை கிளையாக ஏறித் தின்கிறது, நடக்கும் வழியிலேயே கழிக்கிறது, விதைகள் சரமாகக் கிளையோடு ஒட்டுகின்றன. அமிகோ, ஐசென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். அதன் வயிற்றுக்குள் போய்வராத விதை முளைப்பதில்லை என்பதையும் காட்டினார்கள். இந்தக் காட்டில் கின்ட்ரால் பழம் பழுத்தும் பச்சையாகவே இருக்கிறது. இரவில் மோப்பம் பிடித்து வருபவனுக்குச் சிவப்பு எதற்கு?

அந்தச் செடி குளிர்காலத்தில் பூக்கிறது, தேன்சிட்டு அளவேயான ஒரு ரீங்காரச் சிட்டுக்கு அப்போது தேன் கிடைப்பது அநேகமாக அதில்தான். அந்தச் சிட்டு காட்டின் பல மரங்களுக்கு மகரந்தம் சுமக்கிறது. குட்டிப் பிராணியின் கழிவிலிருந்து காட்டின் பூக்கள் வரை ஒரு கயிறு ஓடுகிறது.

நியூசிலாந்தில் புறாவை நம்பிக் காடே நிற்கிறது என்பது உண்மையா?

கொஞ்சம் மிகை, ஆனால் அடித்தளம் உண்மை. கெரெரூ என்ற புறா, சுமார் 650 கிராம் எடை, வெள்ளை மார்பு, பச்சையும் ஊதாவும் மின்னும் கழுத்து. மிரோ, கராக்கா, தாவா போன்ற மரங்களின் பழம் பெரியது. முன்பு பெரிய பறவைகள் பல அங்கே இருந்தன, மனிதர் வந்த பிறகு ஒன்றொன்றாக அழிந்தன. இன்று அந்தப் பழங்களை முழுசாக விழுங்கிக் கொட்டையைச் சேதமில்லாமல் வெளியேற்றும் அளவுக்கு வாய் அகலமுள்ள பறவை அநேகமாக இது ஒன்றுதான். புளித்த பழத்தைத் தின்று தள்ளாடி மரத்திலிருந்து விழும் புறா என்று ஊருக்கே தெரியும். 2018-ல் அந்த நாட்டின் 'ஆண்டின் பறவை' தேர்தலில் வென்றது.

மிரோ மரம் போடோகார்ப் குடும்பம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலைக் குடும்ப மரமும் இதே குடும்பம்தான், மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கே அகத்தியமலைப் பக்கம் நிற்கிறது. பெயரில் ஊசி இருந்தாலும் இலை அகலம்.

பூச்சி, நத்தை எல்லாம் விதை பரப்புமா?

வேட்டா என்ற பெரிய வெட்டுக்கிளி மாதிரிப் பூச்சி நியூசிலாந்தில் ஃபூஷியா மரத்தின் பழத்தைத் தின்று விதையை உயிரோடு வெளியேற்றுகிறது என்று 2006-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்து பரபரப்பானது. பின்னால் செய்த ஆய்வுகள் காற்றைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டன. பெரும்பாலான விதையைப் பூச்சி மென்றுவிடுகிறதாம். வட அமெரிக்கக் காட்டில் பனானா ஸ்லக் என்ற மஞ்சள் ஓடில்லா நத்தை, 25 செ.மீ. வரை வளரும், பழம் தின்று விதையைக் கழிக்கும். வேகம்தான் நமக்குத் தெரியுமே.

ஒரு வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த சில வருஷம் மரங்கள் காய்க்காமலே இருப்பது ஏன்?

மாமரம் ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்வதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே மொத்தக் காடும் சேர்ந்து அதைச் செய்கிறது. நியூசிலாந்து பீச் மரங்களும் ரிமு மரங்களும் இப்படித்தான். தின்பவர்களைப் பல வருஷம் பட்டினி போட்டு எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ஒரே வருஷத்தில் தின்று தீராத அளவு கொட்டுவது. கொஞ்சம் மிஞ்சும், அது முளைக்கும்.

எல்லா மரத்துக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தெரிகிறது? முந்தைய கோடை அதற்கு முந்தையதைவிட எவ்வளவு வெப்பமாக இருந்தது என்ற வித்தியாசத்தை வைத்தே காய்ப்பு வருஷத்தை நன்றாகக் கணிக்க முடிகிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். வெப்பத்தின் அளவைவிட ஏற்றம் முக்கியம்.

இதில் ஒரு கெட்ட விளைவு உண்டு. மூங்கில் பூத்து அரிசி கொட்டினால் எலி பெருகும் என்று வடகிழக்கு இந்தியாவில் பயப்படுவார்களே, அதே கதை. கப்பலில் வந்திறங்கிய எலிகள் பீச் விதையில் கொழுக்கும், அவற்றைத் தின்று ஸ்டோட் என்ற கீரி மாதிரிப் பிராணி பெருகும், விதை தீர்ந்ததும் எல்லாம் சேர்ந்து பறவைக் கூடுகளில் கை வைக்கும். 2019-ல் வந்த காய்ப்பை 40 ஆண்டுகளில் இல்லாதது என்றார்கள். அதே 2019-ல் ரிமுவும் கொட்டியது. ரிமு காய்த்தால்தான் குஞ்சு பொரிக்கும் காகாபோ கிளிக்கு அது சாதனை வருஷம். ஒருவருக்கு விருந்து, இன்னொருவருக்கு ஆபத்து.

ஆறும் விதையைச் சுமக்குமா?

சுமக்கும், ஆனால் ஆறு செய்யும் பெரிய உபகாரம் இடம் காலி செய்து தருவது. வெள்ளம் வடிந்த ஈரச் சரளைமேட்டில் கருப்புக் காட்டன்வுட்டின் பஞ்சு விதை கோடைத் தொடக்கத்தில் வந்து விழுகிறது. சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம்தான் அதற்கு உயிர். பனி உருகிய வெள்ளம் இறங்கும் நேரமும் பஞ்சு பறக்கும் நேரமும் பொருந்தினால் முளைக்கும். ரெட் ஆல்டரும் அப்படியே வருகிறது, வேரில் தழைச்சத்து சேர்த்து மண்ணைப் பக்குவப்படுத்துகிறது.

இதை நேரில் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது ஒலிம்பிக் பூங்காவின் எல்வா ஆற்றில். 2011 முதல் 2014 வரை அங்கே இரண்டு பெரிய அணைகளை இடித்தார்கள். நூறாண்டு நீருக்குள் கிடந்த சுமார் 800 ஏக்கர் வண்டல் வெட்டவெளியானது. காட்டுக்கு ஒட்டிய, மென்மையான வண்டல் பகுதியில் கன்றுகள் தாமாகவே வேகமாக வந்தன. நடுவே இருந்த கரடுமுரடான மணலும் சரளையும் பல வருஷம் பொட்டலாகவே கிடந்தன. விதை வராமல் அல்ல, வந்த விதைக்கு ஈரம் நிற்கவில்லை. பூங்காவினரும் லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினரும் லட்சக்கணக்கில் செடி நட்டார்கள், விதை தூவினார்கள். தூவியதில் லூபின் என்ற அவரைக் குடும்பச் செடி பிடித்துக்கொண்டது.

வெட்டிய காடு தானாகவே திரும்ப வந்துவிடுமா?

ஹெம்லாக் கூப்பிடாமலே வரும். எல்லா மரத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

கனடாவின் ஹைடா குவாய் தீவுகளைப் பாருங்கள். ரெட் சீடார் அங்கே ஹைடா மக்களுக்கு உயிர். படகு, வீடு, குலமரபுத் தூண், பட்டையில் கூடை எல்லாமே அதில்தான். மரங்கள் நிற்கின்றன, கூம்பு வைக்கின்றன, விதை விழுகிறது, முளைக்கவும் செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறைச்சிக்காகக் கொண்டுவந்து விட்ட மான்கள் முளைத்ததையெல்லாம் மேய்ந்துவிடுகின்றன. ஓநாய் அங்கே கிடையாது, பூமாவும் கிடையாது. கிழட்டு சீடார் ஏராளம், இளஞ்சீடார் தேட வேண்டியிருக்கிறது. மான் எட்டாத பாறை இடுக்கிலும், மான் நீந்திப் போகாத சின்னத் தீவுகளிலும்தான் கன்றுகள் தலை தூக்குகின்றன. வெட்டிய இடங்களில் சீடார் நடுபவர்கள் ஒவ்வொரு கன்றையும் சுற்றி மானுக்கு எட்டாத உயரத்துக்கு ஒரு உறை போட்டுவிட்டுப் போகிறார்கள்.